திறக்கப்படாத கூடத்தில் விழுந்தவள்

"உன்னை யாராவது அடிச்சிருக்காங்களா?"

இளைஞர் அரவணைப்பு மையத்தில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். என் பெயரைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டார்கள்.

கேட்டவர் அரவணைப்பு அலுவலர். கழுத்தில் நீல நாடா, நாடாவின் நுனியில் அவருடைய படம், படத்தில் அவர் யாரோ ஒரு குழந்தையை அரவணைத்துக்கொண்டிருந்தார். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் பேசுவார்களே, அப்படிப்பட்ட குரல். நான் இல்லையென்று தலையாட்டினேன். அவர் முகம் வாடிவிட்டது.

"அவசரமே இல்லமா. நல்லா யோசிச்சுச் சொல்லு. சின்ன வயசுல? ஸ்கூல்ல? தெருவுல?"

யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் ஸ்கேலால் ஓங்கி அடித்தது ஞாபகம் வந்தது. ஆனால் அவர் மேஜையைத்தான் அடித்தார். மறுபடியும் தலையாட்டினேன்.

"சரி, நீ யாரையாவது?"

பக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இவளா? கொசு கடிச்சாக்கூட ஊதித்தான் விடுவா சார். அடிக்கிறதுக்குக் கையைத் தூக்கணும்ல? அதுக்கே இவளுக்கு வெட்கம். ஊமைக்கோட்டான்."

அலுவலர் பேனாவை மூடினார். மையத்தில் அடித்தவர்களுக்கு இடம் உண்டு, அடிபட்டவர்களுக்கும் உண்டு. இரண்டிலும் சேராதவர்களை என்ன செய்வதென்று விதியில் இல்லை. கடைசி நம்பிக்கையாக என் அக்காவைப் பார்த்தார்.

"என்னை அடிக்கணும்னா முதல்ல பிடிக்கணும் சார்" என்றாள் அக்கா.

"நான் வேணா வெளிய கூட்டிட்டுப் போய் ஆளுக்கு ஒரு அறை விட்டுக் கூட்டிட்டு வரவா சார்? அஞ்சு நிமிஷம்" என்றாள் அம்மா.

நானும் அக்காவும் சிரித்தோம். அலுவலர் சிரிக்கவில்லை. அம்மாவைக் கொஞ்ச நேரம் பரிவோடு பார்த்தார். பிறகு எங்களுக்காக ஒரு வழி கண்டுபிடித்தார். எங்கள் மேல் விழுந்த அடி எங்களுக்கே தெரியாத அளவுக்கு ஆழமாக விழுந்திருக்கிறது. அதற்கு 'வெளிப்படாத வன்முறை' என்று பெயர். அந்தப் பிரிவில் இன்னும் இடம் காலியாக இருந்தது.

அடிபட்ட பிள்ளைகளுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தால் அவர்கள் அடிக்க மாட்டார்கள் என்பது மையத்தின் இயக்குநர் கண்டுபிடித்த தத்துவம். பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பெரிய கைதட்டல் கிடைக்குமாம். அதற்காக ஜூடோ சொல்லித்தந்தார்கள். வாசல் மதிலில் ஆள் உயர எழுத்தில் 'இங்கே யாரும் வெளியே இல்லை' என்று எழுதியிருக்கும். உள்ளே அரவணைப்புக் குழுவின் கூட்டம் நடக்கும்போதெல்லாம் நாங்கள் அந்த எழுத்துகளின் மேல் சாய்ந்துகொண்டு வெளியே நிற்போம். 'யா' என்ற எழுத்துக்கு மேல் மட்டும் நிழல் விழும். அதற்கு அடிதடி நடக்கும்.

அம்மா எங்களை அங்கே கொண்டுபோய் விட்டதற்குக் காரணம் தத்துவம் இல்லை. அம்மாவும் அக்காவும் ஒரு சலவைக் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளைத் துவைத்து, பிழிந்து, சூடான உருளைக்குள் விட்டு எடுக்கும் வேலை. நான் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. வராத குரலுக்காகத் தினமும் எழுந்து நின்றுகொண்டிருக்க முடியாதல்லவா. "வீட்டுல ஒருத்தி சுவரைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கா. இன்னொருத்தி வேலைக்குப் போயிட்டு வந்து அதே சுவரை உதைச்சுக்கிட்டு இருக்கா. ரெண்டு பேரையும் எங்கயாவது அனுப்பலேன்னா சுவரும் போயிடும்" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். மையத்தில் மாலையில் பிஸ்கட்டும் தருவார்கள்.

பயிற்சிக் கூடம் அழகாக இருந்தது. உயரமான ஜன்னல்கள், வெள்ளைச் சுவர், தரை முழுக்கப் பச்சை மெத்தைகள். கெட்டியான, விழுந்தால் தாங்குகிற மெத்தைகள். ஆனால் ஒவ்வொரு மெத்தையும் கம்பெனியிலிருந்து வந்தபடியே பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது.

"மாஸ்டர், உறையைப் பிரிக்கலையா?" என்று அக்கா முதல் நாளே கேட்டாள்.

மாஸ்டர் என்று நாங்கள் கூப்பிட்டது ஒரு பெண்ணை. முப்பதைத் தாண்டாத வயது. எப்போதும் சூயிங்கம் மெல்லுவார். எதையாவது சொல்லக் கூடாது என்று தோன்றினால் மெல்லும் வேகம் கூடும். அவருக்கு வேலை மூன்று மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். அன்றைக்கு வேகமாக மென்றார். "அது இயக்குநர்கிட்டதான் கேக்கணும்."

இயக்குநர் பதில் சொல்லத் தயங்குபவர் அல்ல. "மெத்தையைச் சிறப்பு விருந்தினர்தான் பிரிக்கணும். அதுக்குப் பேருதான் திறப்பு விழா. நாம முன்னாடியே பிரிச்சுட்டா அவங்க வந்து எதைத் திறப்பாங்க? ஜன்னலையா?"

விழா அடுத்த வாரம் என்றார்கள். அடுத்த வாரம் சிறப்பு விருந்தினரை அவருடைய நாயே கடித்துவிட்டது. நாய் விஷயம் ஆறியதும் அவர் வெளிநாட்டுக்குப் போனார், ஒதுக்கப்பட்டவர்களைப் பற்றிய மாநாட்டுக்கு. அதில் கலந்துகொள்ளும் வாய்ப்பு மிகச் சிலருக்கே கிடைக்குமாம். திரும்பி வந்தபோது அவருடைய பதவி போயிருந்தது. புதிதாக வந்தவரின் பெயரைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டியிருந்தது. பழைய பெயரைச் சுரண்டிய இடம் பள்ளமாகிவிட்டதால் கல்லையே மாற்றினார்கள். கல் வர நாளானது. அதுவரைக்கும் நடப்பதெல்லாம் பயிற்சி இல்லை, 'முன்னோட்டம்' என்று அறிவித்தார்கள்.

ஜூடோவில் முதலில் சொல்லிக்கொடுப்பது விழுவதற்குத்தான். மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, உருண்டு, உள்ளங்கையால் தரையை ஓங்கித் தட்ட வேண்டும். தட்டினால் அடி உடம்புக்குள் போகாமல் கைவழியே வெளியே போய்விடும். பிளாஸ்டிக் மேல் தட்டும்போது படாரென்று பட்டாசு மாதிரி சத்தம் வரும். இயக்குநருக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துப்போனது. தொலைபேசியில் யாராவது நன்கொடையாளர் பேசினால் ஜன்னலைத் திறந்து, "கேக்குதா? பிள்ளைங்க" என்பார்.

கஷ்டம் விழுவதில் இல்லை, நிற்பதில்தான். கொஞ்ச நேரத்தில் எல்லோருடைய வியர்வையும் பிளாஸ்டிக்கில் சொட்டிவிடும். பிறகு எண்ணெய் கொட்டின தரைதான். பிடித்து இழுக்கிறவளும் இழுபடுகிறவளும் சேர்ந்தே வழுக்கிக்கொண்டு சுவரோரம் போய் நிற்பார்கள். யார் யாரை வீழ்த்தினார்கள் என்று மாஸ்டர் யோசித்துச் சொல்வார்.

அதிலும் அக்கா நின்றாள். ஈரமான விரிப்பு என்ன கனம் கனக்கும் என்று சலவைக் கம்பெனியில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். எதிரெதிராக இரண்டு பேர் நின்று ஆளுக்கொரு முனையை முறுக்குவார்கள். பிடி விட்டால் விரிப்பு எதிரில் இருப்பவள் முகத்தில் அறையும். அக்கா மூன்று வருஷமாகப் பிடி விட்டதில்லை. அவள் ஒரு பெண்ணின் சீருடைக் காலரை முதல்முறை பிடித்தபோது மாஸ்டர் மெல்வதை நிறுத்திவிட்டார்.

"இது கையா, கொக்கியா?"

"கைதான் மாஸ்டர். சோப்புத் தண்ணில ஊறி ஊறி இப்படி ஆயிடுச்சு."

"விடுடி அவளை, மூச்சு முட்டுது. பல்லி மாதிரி ஒட்டிக்கிறா பாரு!"

அன்றிலிருந்து அக்காவுக்குப் பல்லி என்று பெயர். அவளுக்கு அந்தப் பெயரில் பெருமை. வீட்டில் அம்மா எதையாவது சொன்னால், "பல்லி சத்தம் போட்டா நல்ல சகுனமா கெட்ட சகுனமான்னு பாத்துக்க" என்று நாக்கால் சூள் கொட்டிக் காட்டுவாள்.

ஒரு நாள் மாஸ்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அவளுடைய நிழல் மாதிரி கூடவே போனேன். நகரப் போட்டி வருகிறது. அதில் ஜெயிப்பவர்களை விளையாட்டு விடுதியில் எடுத்துக்கொள்வார்கள். சாப்பாடு, பயிற்சி, டாக்டர், பிறகு பயிற்சியாளர் வேலை எல்லாம் அங்கேயே.

அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அங்க கட்டில் உண்டா மாஸ்டர்?"

"ஆளுக்கு ஒண்ணு."

எங்களுக்கு ஒரே அறை. இரவில் மூன்று பேரும் அடுப்புக்கும் பெட்டிக்கும் நடுவில் வரிசையாகப் படுப்போம். ஒருத்தி புரண்டால் மூன்று பேரும் புரள வேண்டும். அன்றைக்கு அக்கா தூக்கத்தில் ஒரு முறைகூடப் புரளவில்லை. தூங்கவே இல்லை என்று எனக்குத் தெரியும்.

வழுக்கலுக்கு வழி கண்டுபிடித்தவள் அம்மா. கம்பெனியில் கிழிந்த விரிப்புகளைக் கழித்துப்போடுவார்கள். மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒரு மூட்டை வாங்கிவந்தாள். அதை மெத்தைகளின் மேல் விரித்து, ஓரங்களை மெத்தைக்கு அடியில் இழுத்துச் செருகினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போடுவதுபோல மூலைக்கு மூலை மடிப்பு. விரிப்பு அசையவே இல்லை. மாஸ்டர் அதன் மேல் குதித்துப் பார்த்தார். "அம்மா, நீங்கதான் இங்க இயக்குநரா இருக்கணும்" என்றார். "எனக்கு மாநாட்டுக்கெல்லாம் போக லீவு குடுக்க மாட்டாங்கமா" என்றாள் அம்மா.

அதற்குப் பிறகுதான் நாங்கள் ஜூடோ கற்றுக்கொண்டோம். நான்கூட ஒரு முறை ஒருத்தியைத் தூக்கிப் போட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கவே எனக்குக் குரல் வந்தது.

ஆனால் வகுப்பின் முதல் பாதி சண்டைக்கு இல்லை. அது 'பகிர்வு நேரம்'. வட்டமாக உட்கார்ந்து, மையத்துக்கு வருவதற்கு முன் எவ்வளவு மோசமாக இருந்தோம் என்று அலுவலரிடம் சொல்ல வேண்டும். பெல்ட்டின் நிறம் அதைப் பொறுத்துத்தான் மாறும். இதில் கெட்டிக்காரி ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்த பெண். ஓயாமல் பேசுவதால் அவளை ரேடியோ என்போம். தான் கத்தியோடு திரிந்ததாகவும், ஒரு கும்பலுக்கே தலைவியாக இருந்ததாகவும் சொல்லுவாள். கத்தி உண்மைதான், ரொட்டி வெட்டும் கத்தி. அலுவலர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ரேடியோ மஞ்சள் பெல்ட்டிலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து நீலத்துக்கும் போய்விட்டாள். விழத்தான் அவளுக்கு இன்னும் வரவில்லை.

"ஏன்டி இப்படிப் புளுகுற?" என்று அக்கா கேட்டாள்.

"அவரு எவ்ளோ ஆசையா கேக்குறாரு! இல்லேன்னு சொல்ல மனசு வரல பல்லி. நம்மகிட்ட வேற யாரு வந்து கதை கேக்குறாங்க?"

அக்காவின் முறை வந்தபோது, இங்கே வந்ததில் உன்னிடம் என்ன மாற்றம் என்று அலுவலர் கேட்டார்.

"தோள்பட்டை வலிக்குது சார்."

"மனசுல?"

"மனசு நல்லாருக்கு சார்."

"வீட்டுல... அம்மா கோபப்படுவாங்களா?"

"படுவாங்க. நான் தட்டைக் கழுவாம வெச்சா."

"தட்டு" என்று அலுவலர் மெதுவாகத் திருப்பிச் சொன்னார், அதற்குள் ஏதோ இருப்பதைப்போல. அக்காவுக்குக் கடைசிவரை முதல் நாள் கொடுத்த வெள்ளை பெல்ட்தான். என்னைக் கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு மஞ்சள் கொடுத்தார்கள்.

புதுக் கல்வெட்டு வந்தது. விழாவுக்கு நாள் குறித்தார்கள். நகரப் போட்டி அதற்கு அடுத்த வாரம். ஒத்திகை பார்க்க இயக்குநரும் அலுவலரும் கூடத்துக்கு வந்தார்கள். இயக்குநர் விரிப்புகளைப் பார்த்தார். குனிந்து ஒரு கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன?"

"வழுக்குது சார். அதான்" என்றார் மாஸ்டர்.

"கிழிஞ்ச துணி! இந்தப் பிள்ளைங்க வாழ்க்கை முழுக்கக் கிழிசலைத்தான் பாத்திருக்காங்க. இங்க வந்தும் கிழிசல் மேலயே விழணுமா? அவங்க சுயமரியாதை என்ன ஆகுறது? போட்டோவுல என்ன தெரியும்? எடுங்க முதல்ல."

அலுவலருக்குக் குரல் தழுதழுத்தது. "வழுக்கி விழுறதுல அவமானம் இல்ல மாஸ்டர். கிழிசல் மேல நிக்கிறதுலதான் அவமானம்."

மாஸ்டர் வேகமாக மென்றார். பிறகு எங்களைப் பார்க்காமல், "எடுங்கடி" என்றார். அம்மா செருகியிருந்த மூலைகளை நாங்களே உருவி எடுத்தோம். விரிப்புகளைக் கொண்டு ஜன்னல் துடைக்கச் சொன்னார்கள்.

ஒத்திகையில் ரேடியோ அக்காவைத் தூக்கிப் போட வேண்டும். கத்தியை விட்டவள் கலையைப் பிடித்த காட்சி என்று அதற்குப் பெயர். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "நீ சும்மா காலரைப் பிடி. நானே விழுந்துடறேன்" என்று ரேடியோவின் காதில் சொன்னாள். ஜன்னலைத் துடைத்த ஈரம், எங்கள் வியர்வை, புதிதாக வெளியே வந்த பிளாஸ்டிக். ரேடியோ காலரைப் பிடித்துத் திரும்பினாள். அவளுடைய இரண்டு கால்களும் ஒரே நேரத்தில் போயின. அவளுடைய முழு உடம்பும் அக்காவின் ஊன்றிய காலில், முட்டியின் பக்கவாட்டில் வந்து விழுந்தது.

அக்கா விழும்போதுகூடக் கையால் தட்டினாள். படாரென்று சத்தம் வந்தது.

"பிரமாதம்!" என்று இயக்குநர் கை தட்டினார்.

முட்டிக்குள் நார் அறுந்துவிட்டது என்றார் டாக்டர். நடந்துவிடலாம், ஆனால் ஆபரேஷன் செய்யாமல் மறுபடி மெத்தையில் ஏறக் கூடாது. ஆபரேஷன் எங்களால் முடிகிற விஷயம் இல்லை. நகரப் போட்டி நடந்த அன்றைக்கு அக்கா அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அது என் இடம்.

திறப்பு விழா மறுபடி தள்ளிப்போனது. அதற்குள் மையம் விசாரணைக் குழு அமைத்தது. குழு அக்காவைக் கேட்டது.

"விழும்போது கையால தட்டினியா?"

"தட்டினேன்."

"முறைப்படிதான் விழுந்தியா?"

"முறைப்படிதான் விழுந்தேன் சார். ரேடியோதான் என் மேல முறையில்லாம விழுந்தா."

ரேடியோ எழுந்து அழுதுகொண்டே சொன்னாள், "பிளாஸ்டிக் வழுக்கிடுச்சு சார். விரிப்பு இருந்தப்ப யாருக்கும் ஒண்ணும் ஆகல சார்." அவள் சொன்னவற்றிலேயே அதுதான் முதல் உண்மை. அலுவலர் அவள் தோளைத் தட்டி, "இது பகிர்வு நேரம் இல்லம்மா" என்று உட்காரவைத்தார்.

குழு நெடுநேரம் ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தது. இயக்குநரே வாசித்தார். கூடம் இன்னும் திறக்கப்படவில்லை. திறக்கப்படாத கூடத்துக்குள் யாரும் போயிருக்க முடியாது. போகாத இடத்தில் யாரும் விழுந்திருக்கவும் முடியாது. ஆகவே ஆபரேஷனுக்கு மையத்தின் காப்பீட்டில் பணம் கேட்கவும் வழியில்லை. இந்தப் பெண் விழுந்தது உண்மை, முட்டியே சாட்சி. ஆனால் வேறு எங்கோ விழுந்திருக்கிறாள்.

"மாஸ்டர், நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

மாஸ்டர் சூயிங்கத்தைக் கன்னத்தில் ஒதுக்கினார். "நான் எங்கயும் இல்ல சார்." அது அவருக்கு வேலை புதுப்பிக்கும் மாதம்.

இரண்டு நாள் கழித்து இயக்குநரும் அலுவலரும் பிஸ்கட் பாக்கெட்டுகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இயக்குநர் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். அலுவலருக்கு உட்கார இடம் இல்லை, வாசலில் நின்றார்.

"உங்க பொண்ணுக்கு நாங்க ஏதாவது செய்யணும்னு துடிக்கிறோம்மா" என்றார் இயக்குநர். "புதுச் சிறப்பு விருந்தினர் தங்கமானவங்க. விளையாட்டு விடுதியில சிறப்பு ஒதுக்கீடுன்னு ஒரு இடம் அவங்க கையில இருக்கு. போட்டியில ஜெயிக்கவே வேணாம். ஆபரேஷன் எல்லாம் விடுதியே பாத்துக்கும். மேடையிலயே கடிதத்தைக் குடுத்துடுவாங்க. இவ வந்து ரெண்டு வார்த்தை பேசணும். விழுந்தேன், மையம் என்னைத் தூக்கி விட்டுச்சுன்னு. அவ்வளவுதான்."

"தாராளமா பேசுவா சார். விழுந்தது நிஜந்தானே."

"எங்க விழுந்தான்னு கேப்பாங்க. வீட்டுலன்னு சொல்லிடட்டும்."

அம்மா அறையைச் சுற்றிப் பார்த்தாள். அடுப்பு, பெட்டி, நாங்கள். "இந்த வீட்டுல விழுறதுக்கு எங்க சார் இடம் இருக்கு? விழுந்தா இன்னொருத்தி மேலதான் விழணும்."

அவர்கள் போன பிறகு நெடுநேரம் யாரும் பிஸ்கட்டைப் பிரிக்கவில்லை. கடைசியில் அக்காதான் ஒன்றைப் பிரித்தாள்.

"சொல்லிடறேம்மா. வீடுன்னு சொன்னா வீடு என்ன கோவிச்சுக்கப் போகுதா?"

"வீடு எதுக்குடி கோவிச்சுக்குது? வாடகை குடுத்தா போதும் அதுக்கு" என்றாள் அம்மா. பிறகு அக்காவின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, வீங்கிய முட்டியைச் சுற்றி விரலால் தடவினாள். "சொல்லு. கட்டில் போட்டுப் படு. காலை நீட்டி."

விழாவன்று அம்மா வேலைக்குப் பாதி நாள் லீவு சொன்னாள். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் உடுப்பை முந்தின நாளே கம்பெனிக்குக் கொண்டுபோய், மேற்பார்வையாளர் பார்க்காத நேரத்தில் பெரிய உருளைக்குள் விட்டு எடுத்து வந்திருந்தாள். ஒரு சுருக்கம் இல்லை. எங்களை முதல் வரிசையிலேயே உட்காரவைத்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏசி வெச்சிருக்காங்கடி" என்றாள்.

சிறப்பு விருந்தினர் நல்ல அம்மாள். நரைத்த முடி, மெல்லிய குரல். வெள்ளித் தட்டில் கொண்டுவந்த கத்தரிக்கோலால் ஒரு மெத்தையின் பிளாஸ்டிக்கை வெட்டினார். மற்றவற்றை ஆட்கள் பரபரவென்று கிழித்து உருவினார்கள். உள்ளே மெத்தை மெல்லிய சொரசொரப்போடு இருந்தது. வழுக்கவே வழுக்காது. சிறப்பு விருந்தினர் செருப்போடு அதன் மேல் நடந்து போய், இனி இந்தக் கூடம் இருக்கிறது என்று அறிவித்தார். எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்காவை மெத்தை மேல் கூப்பிட்டார்கள். அவள் ஓரத்தில் செருப்பைக் கழற்றினாள், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டே குனிந்து வணங்கினாள், வெறுங்காலோடு ஏறினாள். ஒரு கணம் பெருவிரலால் மெத்தையை அழுத்திப் பார்த்தாள். சிறப்பு விருந்தினரின் கையில் கடித உறை இருந்தது.

"நான் வீட்டுல விழுந்துட்டேன்" என்றாள் ஒலிபெருக்கியில். "மையம் என்னைத் தூக்கி விட்டுச்சு."

அதோடு முடிந்திருக்க வேண்டும். எங்களிடம் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அலுவலர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். அவருடைய கண்கள் ஏற்கெனவே நிறைந்திருந்தன.

"வீட்டில் விழுந்தேன் என்கிறாள் இந்தக் குழந்தை. எவ்வளவு சின்ன வாக்கியம்! வீட்டில் யாராவது தானாக விழுவார்களா? இவளை விழவைத்தது யார் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. கழுவாத ஒரு தட்டுக்காக உயர்ந்த கை எது என்று கேட்டதில்லை. அந்தக் கை இன்று இதே அரங்கில், முதல் வரிசையில் இருக்கிறது. அதையும் நாங்கள் அழைத்திருக்கிறோம். அதையும் மன்னிக்கிறோம். ஏனென்றால், இங்கே யாரும் வெளியே இல்லை!"

கைதட்டல் அடங்க நேரமானது. தலைகள் திரும்பின. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி எட்டி அம்மாவின் முதுகை ஆதரவாகத் தட்டிக் கொடுத்தாள். அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. யாரைப் பார்க்கிறார்கள் என்று அவளும் திரும்பிப் பின்னால் பார்த்தாள்.

சிறப்பு விருந்தினர் மனம் கசிந்துபோயிருந்தார். அக்காவின் தலையைத் தடவி, ஒலிபெருக்கியை அவள் வாய்ப் பக்கம் பிடித்தார்.

"அம்மாவை மன்னிச்சுட்டியாமா?"

அக்கா ஊன்றுகோலை இறுகப் பிடித்தாள். மெத்தை ஓரத்தில் நின்ற மாஸ்டரைப் பார்த்தாள். மாஸ்டர் மென்றுகொண்டிருந்தார். கடித உறையைப் பார்த்தாள். பிறகு எங்கள் வரிசையைப் பார்த்தாள். ஆமென்று சொன்னாலும் இல்லையென்று சொன்னாலும் ஒன்றுதான் என்பது எனக்கே புரிந்தது. எழுந்து நின்று கத்த வேண்டும்போல இருந்தது. தொண்டை வரைக்கும் வந்தது.

"மன்னிச்சுட்டேன்" என்றாள் அக்கா.

உறை கைமாறியது. படம் எடுத்தார்கள். உறையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்கச் சொல்லி இன்னொரு படம் எடுத்தார்கள்.

அம்மா என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டாள். எழுந்தாள். உடுப்பில் விழுந்திருந்த சுருக்கத்தை உள்ளங்கையால் நீவி விட்டாள். வரிசையில் இருந்தவர்கள் அவளுக்காகக் காலை ஒடுக்கி, பரிவோடு வழி விட்டார்கள். "அம்மா!" என்று அக்காவின் குரல் ஒலிபெருக்கியில் கூடம் முழுக்கக் கேட்டது. கேட்டவர்கள் அதற்கும் கை தட்டினார்கள். அக்கா மெத்தை மேல் ஓரடி எடுத்து வைத்தாள். ஊன்றுகோல் கெட்டி மெத்தையில் பதிந்து நின்றுவிட்டது.

வாசலில் கிழித்துப்போட்ட பிளாஸ்டிக் மலையாகக் குவிந்திருந்தது. அம்மா அதைச் சுற்றிக்கொண்டு போனாள். "டீ குடிச்சிட்டுப் போங்கம்மா, உங்களுக்கும் உண்டு" என்று வாசலில் நின்ற ஆள் கோப்பையை நீட்டினார். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டாள்.